வாரத்திற்கு 168 மணித்தியாலங்களே

(கிளிநொச்சியில் பெற்றோரும் தொழில்துறையினரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



பல்கலைக்கழகப் பிள்ளைகளின் தொழிற்பயிற்சி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நெடுங்காலம் பொறியியலாளனாகக் கடமையாற்றி, பயிற்சிக்கென வந்த மாணவர் பலரை வேலைத்தளத்திற் கண்டவன் என்பதன்றி, இப்பொருள் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி யாதுமில்லை.

முதலிற் கணக்கொன்றைக் கூறுகின்றேன். கமக்காரர் நிறைந்த அவையிற் கணக்குப் பேச எவரும் அஞ்சவேண்டியதில்லை. போகத்துக்குப் போகம் விதையையும் பசளையையும் கூலியையும் கணக்கிட்டு வாழ்பவர்கள் நீங்கள்.

நம் நாட்டுப் பட்டப்படிப்புகளுக்கு அளவுகோலாக இலங்கைத் தகைமைகள் சட்டகம் என ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு வெளிவந்து 2015ஆம் ஆண்டு திருத்தப்பெற்றது. அதன்படி மாணவன் ஓராண்டிற் பெறவேண்டியவை 30 கிரெடிட்டுகள். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கல்வி. விரிவுரை கேட்பது மட்டுமன்று. வாசிப்பதும் எழுதுவதும் பரீட்சைக்கு ஆயத்தமாவதும் அந்த ஐம்பதுள் அடங்கும். ஆனால் தொழிற்பயிற்சியிற் சேர்ந்தவனுக்கோ ஒரு கிரெடிட் கிட்டக் குறைந்தது 100 மணித்தியாலங்கள் வேண்டும்.

வாரத்திற்கு 40 மணித்தியாலங்களாக 26 வாரம் உழைக்கும் பிள்ளைக்கு 1040 மணித்தியாலங்கள் சேர்கின்றன. அதற்குக் கிடைப்பது பத்துக் கிரெடிட். அதே நேரத்தை நூல்நிலையத்திலும் வகுப்பிலும் கழித்திருந்தால் இருபதுக்குக் குறையாது. இது அநீதியன்றோ எனப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வேலைத்தளத்திற் காத்திருக்கும் நேரம் உண்டு. ஒரே வேலையைப் பத்துத் தடவை செய்யும் நேரமும் உண்டு. நூறு மணித்தியாலம் நின்றவன் ஐம்பது மணித்தியாலத்திற்குரிய கல்வியைப் பெற்றுவிட்டால் அதுவே பெரிது. நான் வழக்காட வந்தது வேறோர் இடத்தில்.

பதினைந்து கிரெடிட் கொண்ட ஓர் அரையாண்டுப் படிப்பு 750 மணித்தியாலங்களை வேண்டும். பதினைந்து வாரத்திற்குப் பங்கிட்டால் வாரத்திற்கு 50. இதன்மேல் 40 மணித்தியாலப் பயிற்சியையும் ஏற்றினால் 90. வாரத்திற்கு இறைவன் அளித்தவை 168 மணித்தியாலங்களே. உறக்கத்திற்கு 56ஐக் கழித்தால் எஞ்சுவது 22. அதற்குள் சமைக்கவேண்டும், உண்ணவேண்டும், துணி தோய்க்கவேண்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவேண்டும். நாற்று நடுகையையும் அரிவு வெட்டையும் ஒரே வயலில் ஒரே கிழமையில் நடத்தச் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். பிள்ளையிடம் மட்டும் அதனை எதிர்பார்க்கின்றோம்.

ஒரு பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்ளவேண்டியவனாயிருக்கின்றேன். வன்னியில் நெற்செய்கைக் குடும்பத்துப் பிள்ளையொருவன் என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்தான். ஒருநாட் காலை, நில அளவைக் கோலைப் பிடித்தபடியே நின்று கண்ணயர்ந்துவிட்டான். எல்லார் முன்னிலையிலும் அவனைச் சோம்பேறி என்று கடிந்தேன். அவன் வாய் திறக்கவில்லை. முன்னர் தவறவிட்ட பாடமொன்றுக்காக வாரத்தில் இருமுறை இரவு பஸ்ஸிற் சென்று, வகுப்பிலிருந்து, மறுநாள் விடியலில் வேலைத்தளத்துக்கு மீண்டுகொண்டிருந்தான் என்பதை ஒரு மாதம் கழித்தே அறிந்தேன். வகுப்புக்குச் சென்ற நாள்களுக்குப் பயிற்சிக் குறிப்பேட்டிற் கையொப்பமிட மறுத்தவனும் நானே. விதிப்படி நான் செய்தது சரி. பாடம் நடத்திய விரிவுரையாளர் அவனுக்கு வரவு குறித்ததும் விதிப்படி சரியே. இரண்டு சரிகளுக்கும் இடையில் நசுங்கியவன் அந்தப் பிள்ளை.

இச்சிக்கலை நாம் புதிதாகக் கண்டோமல்லோம். அமெரிக்காவிற் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியற் பேராசிரியர் 1906ஆம் ஆண்டு 27 மாணவரைக் கொண்டு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். மாணவரை இரு கூறாகப் பிரித்தார். ஒரு கூறு வகுப்பிலிருக்கும் வாரத்தில் மற்றக் கூறு தொழிற்சாலையில். மறுவாரம் இடம் மாறுவர். தொழிற்சாலைக்கு ஆள் குறையவில்லை. மாணவனுக்கும் இரண்டு சுமை ஒருங்கே ஏறவில்லை. செய்த வேலைக்குக் கூலியும் கிடைத்தது. நான்கு ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டாக நீட்டவும் அவர் தயங்கவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுவது பின்னாளிற் கைவிடப்பட்டு இடைவெளி நீண்டது. கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் இவ்வழியிலேயே தொடங்கியது. இன்று அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என மாறிமாறி வருகின்றது. ஷ்னைடர் நேரத்தைப் பிரித்தாரேயன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தாரிடம் நான் வேண்டுவது, பயிற்சித் தவணையில் விரிவுரையோ பரீட்சையோ வையாதீர்கள் என்பதே. தவறிய பாடம் இருப்பின் அதனை முடித்த பின்னர் பிள்ளையை அனுப்புங்கள். பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது விரிவுரையாளர் நேரில் வந்து பார்க்கட்டும். குறிப்பேட்டின் கையொப்பம் வரவைக் காட்டுமேயன்றிக் கல்வியைக் காட்டாது.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆண்டு வீணாகிறதே என்று அவசரப்பட்டு, இரண்டையும் ஒருங்கே முடி எனப் பிள்ளையை நெருக்காதீர்கள். கடன்பட்டுப் படிப்பிக்கும் தந்தையின் தவிப்பை நான் அறியாதவனல்லன். ஆயினும் ஓர் அரையாண்டு பிந்துவதாற் கெடுவதிலும், இரண்டிலும் அரைகுறையாய் நின்று கெடுவது அதிகம்.

பயிற்சியிடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. அங்கே பயிலும் பிள்ளை கொழும்பிற் பயிற்சி பெறவேண்டின், அறை வாடகையும் உணவும் தந்தையின் தலையில் விழுகின்றன. சம்பளமின்றி ஆறு மாதம் கொழும்பில் இருக்கவல்லவன் யார்? வசதி படைத்தவன் மட்டுமே. ஆகவே இங்குள்ள கணக்காளரும் பொறியியலாளரும் ஆலை நடத்துவோரும் ஆளுக்கு இரு மாணவரை ஏற்கவேண்டும். ஒருவன் போக மற்றவன் வருமாறு ஒழுங்கு செய்து, உணவுச் செலவுக்காயினும் ஒரு தொகை கொடுக்கவேண்டும். தேநீர் வாங்கவும் படிவம் பிரதி எடுக்கவும் அவர்களை வைத்திருப்பதாயின் ஏற்காமலிருப்பதே நன்று.

கமக்கார அன்பர்களே, விவசாயம் பயிலும் மாணவன் உங்கள் வயலுக்கு வந்தால் வரம்பில் நின்று கேள்வித்தாள் நிரப்பிப் போக விடாதீர்கள். விதைப்பு முதல் அரிவு வெட்டு வரை ஒரு போகம் முழுவதும் கூடவே நிற்கச் செய்யுங்கள். காலபோகத்தின் நாள்கள் பல்கலைக்கழகத் தவணையோடு பொருந்தாவெனில், மாறவேண்டியது தவணையே, மழை மாறாது.

ஓய்வு பெற்ற நாங்கள் நால்வர் கூடிப் பேசியிருக்கின்றோம். எங்களுக்கு அறிமுகமான வேலைத்தளங்களில் எட்டு மாணவருக்கு இடம் பேசித் தருவோம். விரும்பும் பெற்றோர், கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள கொப்பியில் பிள்ளையின் பெயரையும், தவறிய பாடங்கள் இருப்பின் அவற்றையும் மறைக்காது எழுதிச் செல்லுங்கள்.