ஜன்னல் வழியே வந்த போர்

ஆங்கிலத்தில் 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்று ஒரு சொல் உண்டு. ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே தூக்கி எறிவது என்று பொருள். லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல்; முன்னால் நிற்கும் 'டி', அதிலிருந்து வெளியே என்பதைக் காட்டும்.

இதற்கென்று தனியாக ஒரு சொல் எதற்கு? காரணம் பிராக் நகரம். 1618 மே 23. தங்கள் மத உரிமை பறிபோகிறது என்று கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும், ஃபப்ரீசியஸ் என்ற செயலரையும் உயரமான ஜன்னலிலிருந்து கீழே வீசினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதையொட்டி மூண்ட போர் 1648 வரை ஓயவில்லை. ஜெர்மானிய நிலங்களில் லட்சக்கணக்கானோர் வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பலியானார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பெயர் தெரியாத ஜனங்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நம்முடைய 'ஜன்னல்' போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'விலிருந்து வந்தது. அதற்கும் மூலம் லத்தீன்தான். ஆனால் ஃபெனஸ்ட்ரா அல்ல, கதவைக் குறிக்கும் 'யானுவா'. சின்னக் கதவுதான் ஜன்னல் ஆனது. ரோமானியரின் வாசல் தெய்வம் யானுஸின் பெயரால் அமைந்த ஜனவரியும் இதே குடும்பம்தான்.