வெளிச்சம் எங்கே விழுகிறது?



இன்று விளக்கைப் பற்றிப் பேசுவோம். வீட்டுக்குள் எரியும் விளக்கு அல்ல. வாசலிலும் மாடியிலும் இரவு முழுவதும் எரியும் விளக்கு.

நம் ஈஜிபுராவில் சந்துகள் குறுகல். வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. சின்ன மனையில் மூன்று மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலும் குடி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு வீட்டு வாசலில் போட்ட விளக்கு, எதிர்வீட்டுக் கட்டிலில் வந்து விழுகிறது. தண்ணீருக்குச் சண்டை வருகிறது. வண்டி நிறுத்தச் சண்டை வருகிறது. விளக்குக்கும் சண்டை வருகிறது.

ஒரு சந்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டு அக்கா வாசலில் பெரிய ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறார். அவர் சொல்கிறார்: "என் மகள் வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வருகிறாள். இருட்டில் எப்படி வருவாள்? வாசலில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் திருடுகிறார்கள். விளக்கு எரியத்தான் வேண்டும்."

எதிர்வீட்டு மாடியில் இருப்பவர் சொல்கிறார்: "நான் காலை நாலு மணிக்கு எழுந்து பால் போடப் போகிறேன். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. மூடினால் புழுக்கம். கைக்குழந்தை தூங்குவதில்லை."

இருவரில் யார் சொல்வது நியாயம்? இருவர் சொல்வதும் நியாயம்தான். பின் ஏன் சண்டை? விளக்கு வேண்டுமா, வேண்டாமா என்றே இருவரும் பேசுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளிச்சம் எங்கே விழ வேண்டும்? அதுதான் கேள்வி.

மகள் நடந்து வருவது தரையில். கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். எதிரே நிற்பவர் முகம் தெரிய வேண்டும். மாடி ஜன்னலுக்கு அந்த வெளிச்சம் தேவை இல்லை.

இன்னொன்றும் உண்டு. எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால், ரோட்டில் உள்ள பள்ளம் தெரிகிறதா? தெரிவதில்லை. கண் கூசுகிறது. ஃபோகஸ் லைட்டும் அப்படித்தான். கண்ணுக்கு நேராக அடித்தால், அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. மூலையில் நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியும். ஆகவே கண் கூசும் விளக்கு மகளுக்கும் பாதுகாப்பு அல்ல.

தூக்கத்துக்கு வருவோம். இருட்டானதும் நம் மூளையில் மெலடோனின் என்ற பொருள் சுரக்கிறது. "இது இரவு, ஓய்வு எடு" என்று உடம்புக்கு அது சொல்கிறது. வெளிச்சம் பட்டால் அது குறைகிறது. கண்ணை மூடினாலும் இமை வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தூக்கத்தை அதிகம் கெடுக்கும். மஞ்சள் வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது. நாள் முழுவதும் உழைப்பவருக்குத் தூக்கம் சோறு போல. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளக் கூடாது.

பெங்களூருக்கு மின் விளக்கு வந்தது 1905-ல். காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் இங்கே தெருவிளக்காக எரிந்தது. அன்று வெளிச்சம் போதவில்லை. இன்று சில இடத்தில் வெளிச்சம் மிஞ்சிப்போயிற்று.

நம் பக்கத்திலேயே கோரமங்களாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே நட்சத்திரங்களை ஆராய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பெரிய தொலைநோக்கிகள் இந்த ஊரில் இல்லை. ஒன்று தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் இருக்கிறது. இன்னொன்று இமயமலைப் பக்கம், லடாக்கில் உள்ள ஹன்லேயில் இருக்கிறது. நகர வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் தெரியாது. தொலைநோக்கிகளை இருண்ட இடங்களில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹன்லேயைச் சுற்றியுள்ள இடத்தை 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கேயும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் இருட்டில் தடுமாறவில்லை. விளக்குக்கு மறைப்புப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டார்கள். வெளிச்சத்தைத் தேவையான இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அதை நம் சந்திலும் செய்யலாம்.

எப்படிச் செய்வது? விளக்கின் முகத்தைத் தரையைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். மேலே, பக்கத்தில் தகர மறைப்பு வைக்கலாம். பெரிய ஃபோகஸ் லைட்டுக்குப் பதில் சின்ன மஞ்சள் எல்.இ.டி. பல்பு போடலாம். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கும் கடையில் கிடைக்கிறது. வேலை செய்யும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். 1,000 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 50 வாட் ஃபோகஸ் லைட் தினம் 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 18 யூனிட். 10 வாட் பல்பு அதே நேரம் எரிந்தால் 3.6 யூனிட். 2023-ல் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில் பலருக்கு மின்சாரம் இலவசம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு உண்டு. தாண்டினால் பணம் கட்ட வேண்டும். உங்கள் பில்லை நீங்களே படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

எப்படிப் பேசுவது? நடு இரவில் ஜன்னலில் நின்று கத்த வேண்டாம். பகலில் போய்ப் பேசுங்கள். "விளக்கை அணையுங்கள்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அக்கா, இன்று இரவு ஒரு நிமிஷம் எங்கள் அறைக்கு வந்து பாருங்கள்" என்று கூப்பிடுங்கள். தன் விளக்கு எதிர்வீட்டில் எப்படி விழுகிறது என்று போட்டவருக்குத் தெரியாது. அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

விளக்கு வீட்டுச் சொந்தக்காரருடையது என்றால் குடியிருப்பவர் பயப்படுவார். காலி பண்ணச் சொல்வாரோ என்று நினைப்பார். அப்போது தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று குடித்தனக்காரர்கள் சேர்ந்து போங்கள். அவருடைய பயத்தையும் கேளுங்கள். கல் எறிவது, வயரை அறுப்பது கூடவே கூடாது. ஷாக் அடித்தால் உயிர் போகும். வழக்கும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் 2005-ல் போட்ட சட்டப்படி, தொல்லை தரும் வெளிச்சத்தைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் தொல்லை என்று சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஆலோசனை கேளுங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அடிதடி நடக்கும் போல இருந்தால் 112-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. தெருவிளக்கு சரியாக எரிந்தால், வீட்டு வாசலில் யாரும் ஃபோகஸ் லைட் தேட மாட்டார்கள். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. எரியாவிட்டால் மனு எழுதுங்கள். தெருவின் பெயர், எந்த வீட்டுக்கு எதிரே, எத்தனை நாளாக எரியவில்லை, தேதி. இவ்வளவு போதும். கீழ்வீட்டு அக்காவும் கையெழுத்துப் போடட்டும். எதிர்வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடட்டும். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்து, அதில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

இன்று இரவு வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். உங்கள் வெளிச்சம் யார் வீட்டு ஜன்னலில் விழுகிறது? பார்த்ததை நோட்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு நாளைக்கு வாருங்கள். அதை வைத்தே பேசுவோம்.