சாப்பிட உட்கார்ந்தால் வீங்கும் தாடை

இன்னைக்குப் பேசப்போறது எச்சிலைப் பற்றி. முகம் சுளிக்காதீங்க, விஷயம் இருக்கு.

அனுமந்தன்பட்டியில் எங்க பெரியப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். சாப்பிட உட்கார்ந்தால் இடது தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு வீங்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். காய்ப்பதம் பார்க்க ஒரு புளிப்புத் திராட்சையை வாயில் போட்டாலே வலி ஆரம்பிச்சிடும். பல்வலின்னு ஒரு பல்லைப் பிடுங்கியாச்சு; வீக்கம் போகலை. "கேன்சர்டா, என்கிட்ட மறைக்கிறீங்க"ன்னு பெரியம்மாகிட்டயும் எங்ககிட்டயும் சண்டை.

ஸ்கேனில் தெரிஞ்சது, கல். ஆமா, எச்சில் சுரப்பியிலும் கல் வரும். பத்துக்கு எட்டு, தாடைக்குக் கீழ் இருக்கும் சுரப்பியில்தான். அங்கே ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டி, குழாயும் நீளம், போதாததுக்கு மேல்நோக்கி ஏறணும். கால்சியம் படிஞ்சு கல்லாகுது. சாப்பாட்டைப் பார்த்ததும் எச்சில் ஊறும், வழி அடைபட்டிருக்கும், அதான் வீக்கம்.

முன்னெல்லாம் கல் உள்ளே தள்ளி இருந்தால் சுரப்பியையே வெட்டி எடுப்பாங்க. கழுத்தில் தழும்பு விழும். கீழுதட்டை அசைக்கிற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. அது அடிபட்டால் சிரிக்கும்போது வாய் கோணும். பெரியப்பாவுக்கும் முதலில் சொன்னது இதைத்தான்.

1990-களில் ஐரோப்பாவில் வேறு வழி வளர்ந்தது: சியாலெண்டோஸ்கோப்பி. ஜெனீவாவின் பிரான்சிஸ் மார்ஷல் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கருவியின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர். நாக்கைத் தூக்கினால் அடியில் குட்டி மேடு தெரியும், கண்ணாடியில் பாருங்க. அதன் துளையை மெல்ல விரித்து, உப்புநீர் செலுத்திக்கொண்டே கேமராவை உள்ளே விடுறாங்க. 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல்லைப் பெரும்பாலும் கம்பிக்கூடையில் பிடித்து வெளியே இழுத்துடலாம். பெரிசுன்னா லேசரில் உடைக்கணும், இல்லைன்னா வாய்க்குள் சின்னக் கீறல். கல்லே இல்லாமல் குழாய் சுருங்கியிருந்தாலும் இதே வழியில் விரிக்கலாம்.

சீழ் பிடித்திருக்கும்போது செய்யமாட்டாங்க, முதலில் மருந்து. எல்லா ஊரிலும் இந்தக் கருவி கிடையாது. சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமல் கட்டி வளர்ந்துகிட்டே போனால் அது வேற கதை, உடனே காட்டுங்க.

பெரியப்பா கல் 3 மில்லிமீட்டர். கூடையில் வந்துடுச்சு, சுரப்பி பத்திரம். தழும்பு எங்கேன்னு கேட்டு வர்றவங்ககிட்ட நாக்கைத் தூக்கிக் காட்டிட்டிருக்கார்.