கால் ஓடும், கை நடுங்கும்

காபி குடித்தால் தெம்பு வருகிறது என்கிறோம். உண்மையில் காஃபீன் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. களைப்பை மறைக்கிறது, அவ்வளவுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அதனால் ஓட்டக்காரருக்கு அதே உழைப்பு கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் எடுத்தால், நெடுந்தூரப் போட்டிகளில் 2 முதல் 4 சதவீதம் வரை முன்னேற்றம் என்கின்றன ஆய்வுகள். விளையாட்டுத் தடைப் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்து, 2004இல்தான் காஃபீன் நீங்கியது.

எல்லாம் மனப்பிரமை என்பார்கள். எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று யாருக்கும் சொல்லாமல் நடத்திய சோதனைகளிலும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஆனால், தினமும் குடிப்பவரின் காலைத் தெம்பில் ஒரு பங்கு, இரவெல்லாம் காஃபீன் இல்லாத மந்தம் நீங்குவதுதான் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது.

கிரீன் டீ? ஒரு கோப்பையில் சுமார் 30 மில்லிகிராம் காஃபீன். அறுபது கிலோ எடையுள்ளவர் மேலே சொன்ன குறைந்தபட்ச அளவைத் தொடவே ஆறு கோப்பை வேண்டும்! அதிலுள்ள தியானைன் மனதை அமைதிப்படுத்தும் என்கிறார்கள்; ஆய்வுகளில் கொடுத்த அளவு ஒரு கோப்பையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. காலுக்கு உதவும் காஃபீன் கைக்கும் உதவும் என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் விரல் நடுக்கம் கூடும். நுண் அறுவை செய்பவருக்கும் வில்லாளிக்கும் அது பாதகம். அது சீக்கிரம் நீங்குவதும் இல்லை: காலை எட்டு மணிக் காபியின் காஃபீனில் பாதி, மதியம் ஒரு மணிக்கும் பலர் உடலில் மிச்சமிருக்கும்.