வீட்டில் ஊதுவது யார்?



நம் முன்னோர் காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இந்நான்கனுள் மதுரைச் சமவெளியில் வாழ்வோர் நன்கு அறிந்தது கோடையே. ஆனி பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று, தான் சுமந்து வந்த மழையில் பெரும்பங்கை மலைக்கு அப்பாலே பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. மழைக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது புழுதியும் ஓசையுமே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருளை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைக்காட்சியைக் காட்டுகிறார். அங்கே மூங்கிலில் துளைகள் உள்ளன. கோடைக்காற்று அவற்றுட் புகுகிறது. குழலின் இசை பிறக்கிறது. ஊதுவார் ஒருவரும் இல்லை. துளை ஒன்றும் காற்று ஒன்றும் சேர்ந்தால் இசை பிறக்கும் என்பதை அப்புலவர் கண்டு, காரணத்தோடு கூறியிருக்கிறார். அதே காற்று, அதே போன்றதொரு துளையில், நள்ளிரவில், நம் வீட்டில் புகுந்து ஒலித்தால் மட்டும் நாம் அதை இசை என்று கொள்வதில்லை; பேய் என்கிறோம். அப்படி நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வைகைக்கு வடக்கே உள்ள ஆனையூர், வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்து, 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு இணைந்த பகுதி. வயல் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்தன. இருப்பினும் மேற்கிலிருந்து வரும் காற்று தன் பழைய வழியை மறக்கவில்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வைகாசியில் திருமணம் நடந்தது. ஆனியில் ஊளை தொடங்கிற்று. பகலில் ஊரின் இரைச்சலில் அது தெரியாது. இரவு ஊர் அடங்கியதும் ‘ஊம்’ என்று நீண்ட, அடித்தொண்டையில் எழுவது போன்ற முழக்கம் கேட்கும். கூடத்தின் ஒரு மூலையில் நின்றால் உரக்கக் கேட்கும். நாலடி நகர்ந்தால் மறையும். மீண்டும் நகர்ந்தால் எழும். ஏதோ ஒன்று வீட்டுக்குள் நடமாடுகிறது என்றே எல்லோரும் எண்ணினர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். ‘இவள் கால் வைத்த நாள் முதலாகத்தானே இந்தச் சத்தம்’ என்றார் அவ்வீட்டு அம்மாள். தெருவாரும் அதையே சொன்னார்கள். அந்தப் பெண்ணைக் கோடாங்கியிடம் அழைத்துப் போக நாளும் குறித்தார்கள். அதைத் தடுக்க வழி தெரியாமல் அவளுடைய கணவன் என்னிடம் வந்தான். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன்.

நான் அவர்களிடம் கேட்டது பத்து நாள் தவணையும் ஒரு குறிப்பேடும் மட்டுமே. ஒலி கேட்ட நேரம், காற்றின் திசை, காற்றின் வேகம், ஒலியின் தன்மை ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுத வேண்டும் என்றேன். எழுதும் பொறுப்பை அந்த மருமகளே ஏற்றுக்கொண்டாள். மொட்டைமாடியில் ஒரு கழியை நட்டு, அதில் துணிக்கீற்று ஒன்றைக் கட்டித் திசை பார்த்தாள்.

பத்தாம் நாள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தேன். துணிக்கீற்று கிழக்கு நோக்கிப் பறந்த இரவுகளில், அதாவது காற்று மேற்கிலிருந்து வலுவாக வீசிய இரவுகளில், ஒலி இருந்தது. காற்று ஓய்ந்த இரண்டு இரவுகளில் ஒலி இல்லை. அந்த இரண்டு இரவுகளிலும் மருமகள் வீட்டில்தான் இருந்தாள். குற்றச்சாட்டில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது.

மற்றொரு குறிப்பு இன்னும் அருமையானது. அவள் சிறிது இசை பயின்றவள். ‘காற்று மிகும்போது ஒலி உரக்கிறது, ஆனால் சுருதி மாறவில்லை’ என்று எழுதியிருந்தாள். இதன் பயனைச் சற்று விளக்க வேண்டும். காற்று ஒரு கம்பியைக் கடக்கும்போது அதன் பின்னால் சிறு சிறு சுழல்கள் மாறி மாறிப் பிறக்கின்றன. அவற்றால் ஒலி எழுகிறது. ஸ்ட்ரூஹால் என்னும் செக் அறிஞர் 1878ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து, அவ்வொலியின் சுருதி காற்றின் வேகத்தோடு ஏறும், கம்பியின் பருமனோடு இறங்கும் என்று காட்டினார். 2 மில்லிமீட்டர் கம்பியை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று கடந்தால் ஏறத்தாழ 500 அதிர்வுகள் உண்டாகும்; வேகம் இருமடங்கானால் அதிர்வும் இருமடங்காகும். ஆதலால், சுருதி மாறாத ஒலி கொடிக்கம்பியின் ஒலி அன்று. தனக்கென ஓர் அளவுடைய குழாயோ குடுவையோதான் ஊதப்படுகிறது. பேனா மூடியை உதட்டருகே வைத்து ஊதாத மாணவர் உண்டோ? எவ்வளவு பலமாக ஊதினாலும் அந்த மூடிக்கு உரிய சுருதி பெரும்பாலும் ஒன்றுதான். மூடி நீண்டால் சுருதி தாழும்.

இனித் தேட வேண்டியது வாய் திறந்த ஒரு நீண்ட குழாய். அன்று மாலை காற்று நன்றாக வீசியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதே எங்கள் விதி. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினோம், ஒலி நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாயை ஈரத்துணியால் அடைத்தோம், நிற்கவில்லை. பிறகு மாடியின் மேற்கு ஓரத்தில் இருந்த இரும்புக் கைப்பிடியைப் பார்த்தேன். மணமக்களுக்கென்று மாடியில் ஓர் அறை கட்டியபோது புதிதாக வைத்தது அது. ஆறடிக்கு ஒன்றாக நான்கு குழாய்த் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம். அடிப்புறம் தகட்டால் அடைபட்டது. மேல்வாய் திறந்தே கிடந்தது. கல்யாண அவசரத்தில் மூடிகளைப் பொருத்தாமலே விட்டிருக்கிறார்கள்.

கணவனும் மனைவியும் நானும் ஆளுக்கொரு தூணின் வாயை உள்ளங்கையால் மூடினோம். ஒலி தணிந்தது, அறவே நிற்கவில்லை. நான்காவது தூணுக்கு ஆள் இல்லை. படியேறி வந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மெல்ல வந்து அதன் மேல் கை வைத்தார். வீடு அமைதியாயிற்று. அவர் கையை எடுத்தார்; ‘ஊம்’ என்றது. மீண்டும் வைத்தார், நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே செய்து பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்து, ‘காற்று அடிக்குது, கீழே வா தாயி’ என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான்கு மரக்கட்டைகள் அந்த வாய்களை அடைத்தன. கோடாங்கியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கணக்கும் இதற்குச் சான்று கூறும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. ஒரு பக்கம் அடைபட்ட ஒரு மீட்டர் குழாயில் பிறக்கும் அலை, குழாயைப் போல் நான்கு மடங்கு நீளம் உடையது. அதாவது 4 மீட்டர். எனவே வினாடிக்கு ஏறத்தாழ 87 அதிர்வுகள். மிகத் தாழ்ந்த ஒலி. இத்துணை நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நம் செவிகள் எளிதில் பிரித்தறிய மாட்டா. தூண்களின் அதிர்வு தளத்தின் வழியே கீழே இறங்குகிறது. கூடத்தின் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, மற்றோரிடத்தில் அழித்துவிடுகின்றன. நடமாடியது பேய் அன்று, நகர்ந்தவர்கள் கேட்டவர்களே.

இத்தகைய ஓசை மேலைநாட்டுப் பெரும் பொறியியலாளர்களையும் விட்டதில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 2006இல் கட்டி முடிக்கப்பட்ட பீத்தம் கோபுரம், அதன் உச்சியில் உள்ள கண்ணாடித் தகடுகளைப் பெருங்காற்று கடக்கும்போது முழங்கி அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தைக் கெடுத்தது. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் காற்றுக்கு ஈடுகொடுப்பதற்காகவே கைப்பிடிச் சட்டங்களை மெல்லியனவாக மாற்றினார்கள். 2020ஆம் ஆண்டு மேலைக்காற்று வீசியதும் பாலம் தொலைவிலுள்ளோர்க்கும் கேட்கும்படி பாடத் தொடங்கிற்று. அங்கும் கோடாங்கியைத் தேடவில்லை. சட்டங்களின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மருமகள் வந்ததும் ஒலி வந்தது என்பது பொய்யன்று. இரண்டும் அடுத்தடுத்தே வந்தன. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அன்று. திருமணத்துக்காக அறை எழுந்தது. அறைக்காகக் கைப்பிடி வந்தது. கைப்பிடியில் மூடி விடுபட்டது. ஆனியில் காற்று வந்தது. இடையிலுள்ள இந்தக் கண்ணிகளைத் தேடாமல் முதலையும் முடிவையும் மட்டும் முடிச்சுப் போடும்போதுதான் பழி பிறக்கிறது. அந்தப் பழி எப்போதும் வீட்டில் எதிர்த்துப் பேச இயலாதவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே, உங்கள் வீட்டிலோ விடுதியிலோ காரணம் தெரியாத ஓசை கேட்குமாயின், அஞ்சுவதற்கு முன்னும், அதைவிட முக்கியமாக, ஒருவரைக் குறை கூறுவதற்கு முன்னும், ஒரு தாளை எடுத்து நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதத் தொடங்குங்கள்.