காதல் நாவல்களும் நமது பெண்மக்களும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இவ்வாசகசாலையின் ஆண்டு விழாவில் இக்காலத்துக் காதல் நாவல்களைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டுமென்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். நாம் பண்டிதருமல்ல, நாவல் எழுதினவருமல்ல. வாசித்துப் பார்த்தோம் என்பதைத் தவிர இவ்விஷயத்தில் பேச நமக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆதலால் நாம் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் நீங்களும் நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலாவதாக நமது குற்றமொன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். வெகுகாலம் வரையில் நாமும் இந்நாவல்களைக் கண்டால் பரிகாசம் செய்கிற கூட்டத்தில்தான் இருந்தோம். நம் வீட்டு அம்மாள் ஒருநாள், "புராணத்தைக் கண்டிக்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு மூன்று தடவை படித்துவிட்டுத்தானே மேடைக்குப் போகிறீர்கள்? இதில் ஒன்றையாவது படித்தீர்களா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. கேள்வி நியாயமான கேள்வி. ஆகவே இவ்வருஷ மழைக்காலத்தில் அவரிடமே இருபது நாவல்கள் இரவல் வாங்கி, ஒன்று விடாமல் வாசித்தோம். இன்று பேசுவது அந்த வாசிப்பின் பலன்தான்.

இந்தப் புத்தகங்களை வாசிக்கிறவர்கள் யார்? விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்த் திரும்பி, இரவு பாத்திரம் கழுவின பிறகு அரைமணி நேரம் தனக்கென்று மிச்சம் பிடித்துக்கொள்ளுகிற பெண்கள். முன்பு மாத நாவல்களாய்ப் பெட்டிக்கடையில் தொங்கினதை வாங்கினார்கள். இப்பொழுது கைப்பேசியில் பிரதிலிபி போன்ற இடங்களில் அத்தியாயம் அத்தியாயமாய் வாசிக்கிறார்கள். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்னும் அம்மையார் இப்படிப்பட்ட வாசகிகளை நேரில் கண்டு விசாரித்து 1984-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த வாசகிகள் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். கையில் புத்தகம் இருக்கிற மட்டும் அந்த நேரம் தங்களுடையது. புருஷனுக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கில்லை என்றார்கள். நாள் முழுதும் பிறருக்கென்றே உழைக்கும் ஒரு ஜீவன் அரைமணி நேரத்தைத் தனதாக்கிக்கொள்வது குற்றமாகுமா? துப்பறியும் நாவல் வாசிக்கிற ஆண்மகனையும், நடிகரின் படத்துக்கு முதல் நாள் வரிசையில் நிற்கிற ஆண்மகனையும் ஒன்றும் சொல்லாத நாம், பெண் வாசிக்கிற புத்தகத்தை மாத்திரம் குப்பை என்பது ஆண் கர்வமேயல்லாமல் வேறல்ல.

அன்றியும், இந்நாவல்களில் ஒரு நன்மையும் கண்டோம். நம் நாட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஜாதகம் கேட்பார்கள், நகை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். பெண்ணின் இஷ்டத்தைத்தான் கேட்கமாட்டார்கள். இந்த நாவல் ஒன்றில்தான் முந்நூறு பக்கத்துக்கும் "இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்?" என்கிற கேள்வி விடாமல் கேட்கப்படுகிறது. வீட்டில் கிடைக்காத ஒன்றைப் புத்தகத்தில் தேடுகிறார்கள் என்றால், வெட்கப்பட வேண்டியவர் வீட்டாரேயொழிய வாசகிகளல்ல.

நிற்க, இனி குறைக்கு வருவோம்.

நாம் வாசித்த இருபதில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கதாநாயகன் ஒரே அச்சில் வார்த்தவன். பெரும் பணக்காரன், ஆறடி உயரம், முன்கோபி. பெண்ணை மிரட்டுகிறான், பூட்டி வைக்கிறான், பழி வாங்குவதற்கென்றே தாலி கட்டுகிறான், கன்னத்தில் அறைகிறான். சிலவற்றில் அதற்கு மேலும் பலாத்காரம் செய்கிறான். இப்படிப்பட்டவனுக்கு "ஆன்டி ஹீரோ" என்று பெயராம்! கடைசி இருபது பக்கத்தில் அவனுடைய பால்யத்துத் துக்கம் ஒன்று வெளிவருகிறது. பெண் கண்ணீர் விடுகிறாள், மன்னிக்கிறாள், சுபம்.

இது நம் நாட்டில் புதிதாய் முளைத்ததென்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸன் என்னும் அச்சுக்கூடக்காரர் 1740-ல் "பமேலா" என்று ஒரு நாவல் எழுதினார். வேலைக்காரப் பெண்ணை எஜமான் தொந்தரவு செய்கிறான். கடத்திக்கொண்டுபோய் அடைத்து வைக்கிறான். அவள் இணங்காதது கண்டு மனம் மாறி அவளையே கல்யாணம் செய்துகொள்ளுகிறான். அடைத்து வைத்தவனுக்கு மனைவியாவதுதான் அவளுடைய நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த பரிசாம்! பாதிரியார் ஒருவர் பிரசங்க மேடையிலிருந்தே அதைச் சிபாரிசு செய்தார். பிறகு 1972-ல் அமெரிக்காவில் வெளியாகி ஏராளமாய் விற்ற ஒரு காதல் நாவலில் நாயகன் நாயகியைப் பலாத்காரம் செய்கிறான். அவனே அவளுக்குப் புருஷனுமாகிறான். ராட்வே அம்மையார் விசாரித்த வாசகிகளோ, தங்களுக்கு அறவே பிடிக்காதவை பலாத்காரமும் சோக முடிவும் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே "பெண்கள் விரும்புகிறார்கள், அதனால் எழுதுகிறோம்" என்கிற சமாதானம் முழு உண்மையல்ல.

கதைதானே, இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று சிலர் கேட்கலாம். நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்துப் பெண்ணின் சங்கதியைச் சொல்லுகிறோம். பட்டம் பெற்றவள், சம்பாதிக்கிறவள். நிச்சயமான மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்பே ஒருநாள் தெருவில் நாலு பேர் பார்க்க அவளை அறைந்துவிட்டான். நாம் போய், "இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மா" என்றோம். அவளோ, "கோபக்காரர்தான் மாமா, ஆனால் உள்ளுக்குள் பாசம் நிறைய இருக்கு" என்றாள். கல்யாணம் நடந்தது. மூன்று வருஷம் கழித்து ஒரு கை ஒடிந்து தாய் வீடு வந்து சேர்ந்தாள். அப்பொழுது அவள் சொன்னது இன்றும் நம் காதில் இருக்கிறது: "கதையில் கடைசியிலாவது திருந்திவிடுகிறான் மாமா. நானும் மூன்று வருஷமாய்ப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்."

பழி முழுவதையும் நாவலின் தலையில் போட நாம் தயாராயில்லை. அவளைப் பெற்ற தாயும், "ஆம்பிளை அப்படித்தான், பொறுத்துப் போ" என்றுதான் சொன்னாள். தாசி வீட்டுக்குப் போக ஆசைப்பட்ட குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் சுமந்துபோன நளாயினியை உத்தமி என்று நெடுங்காலமாய்ச் சொல்லி வந்த நாடல்லவா இது? அந்தக் கூடையை எடுத்துவிட்டு ஒரு மோட்டார் காரை வைத்ததுதான் இந்நாவல்கள் செய்த சீர்திருத்தம்! 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஏதேனும் ஒரு காரணத்துக்காகப் புருஷன் மனைவியை அடிப்பது நியாயமே என்று ஒப்புக்கொண்ட பெண்கள் இந்தியா முழுவதிலும் 100-க்கு 45 பேர். ஆண்கள் 44 பேர். அடிபடுகிறவர்களே அடியை நியாயமென்று எண்ணும்படி ஆக்கியிருக்கிற ஒரு நாட்டில், அதையே காதலென்று சர்க்கரை தடவிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கெடுதி என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ல் சட்டம் வந்தாகிவிட்டது. நாம் வாசித்த இருபது நாயகிகளில் ஒருத்திக்கும் அந்தச் சட்டம் தெரியவில்லை!

இரண்டாவது குறை ஜாதி விஷயம். இந்நாவல்களில் காதலுக்கு வராத இடையூறு இல்லை. அத்தை சூது செய்கிறாள், கடிதம் தவறிப்போகிறது, பணம் குறுக்கே நிற்கிறது. ஆனால் ஜாதி மாத்திரம் குறுக்கே வருவதேயில்லை. இரண்டு குடும்பமும் ஒரே கோவிலில் கும்பிட்டு, ஒரே முறையில் சீர் செய்கிறார்கள். ஜாதிப் பெயரைச் சொல்லவில்லையே தவிர, ஒரே ஜாதி என்பது சமையற்கட்டு முதல் சடங்கு வரையில் தெரிகிறது.

வெளியில் நடப்பதென்ன? 2016 மார்ச் மாதத்தில் உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறி மணந்துகொண்ட தம்பதிகளைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டினார்கள், வாலிபன் மாண்டான். வயது வந்த இருவர் மணந்துகொள்வதில் தலையிட எந்தக் கட்டைப் பஞ்சாயத்துக்கும் அதிகாரமில்லையென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. காதலித்தால் தலை போகிற நாட்டில் எழுதுகிற காதல் கதையில் அந்த அரிவாளைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அது என்ன காதல் கதை? பெருமாள்முருகன் 2013-ல் எழுதிய "பூக்குழி"யில் அந்த உண்மை இருக்கிறது. அது சுபமாய் முடிகிற கதையல்ல என்பது மெய்தான். ஆனால் சுபமாய் முடிகிற ஜாதி மறுப்புக் காதல் கதையும் வேண்டும்; அப்படி வாழ்கிற தம்பதிகள் நம் இயக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வேற்று நாட்டாரிடத்திலும் இந்நோய் உண்டு. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் பெரிய பரிசு கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்கும் கிடைத்ததில்லையென்று அச்சங்கமே 2018-ல் ஒப்புக்கொண்டது. 2019-ல்தான் முதல் தடவையாய்க் கிடைத்தது. யாருடைய காதல் காதலென்று எண்ணப்படுகிறது என்பதில் அங்கே நிறம், இங்கே ஜாதி.

ஆனாலும் நாம் நம்பிக்கை இழக்கவில்லை. 2016-ல் காலின் ஹூவர் என்னும் அம்மையார் எழுதிய ஒரு நாவலில், அடிக்கிற புருஷனை நாயகி பெண் குழந்தை பிறந்த பிறகு விட்டு விலகுகிறாள். அது உலகமெங்கும் ஏராளமாய் விற்று, 2024-ல் சினிமாவாகவும் வந்தது. மன்னித்தால்தான் புத்தகம் விற்கும் என்கிற எண்ணம் பொய்யென்று இதனால் ஏற்படவில்லையா? நம்மவரிலும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-லேயே, தாசித் தொழிலின் மோசத்தை அம்பலப்படுத்த நாவலையே ஆயுதமாய்க் கையாண்டார். நாவலென்பது கத்தி போன்றது. காய் நறுக்கவும் ஆகும், கழுத்தறுக்கவும் ஆகும்.

ஆகவே முடிவாய்ச் சொல்லுகிறோம். இந்நாவல்களைத் தடுக்க வேண்டாம். பெண்கள் கையிலிருந்து பிடுங்கவும் வேண்டாம். தாய்மார்களே! வாசியுங்கள். வாசிக்கும்போது மூன்று கேள்விகள் மாத்திரம் கேளுங்கள். இவன் செய்வதை ஏழை ஒருவன் செய்தால் இதைக் காதலென்று ஒப்புவோமா? இவன் நம் மகளுக்கு மாப்பிள்ளையாய் வந்தால் சம்மதிப்போமா? இவர்கள் வேறு வேறு ஜாதியாயிருந்தால் கதை இப்படி முடியுமா? இன்று எழுதுகிறவர்களில் மிகுதிப்பேர் பெண்களே. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் வாசகிகள் தங்கள் அபிப்பிராயத்தை எழுத இடமுமிருக்கிறது. "அழகாயிருக்கிறது அக்கா" என்று எழுதுகிற கையால், "அவன் அறைந்தானே, இவள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?" என்றும் எழுதுங்கள். நூறு பேர் அப்படிக் கேட்டால் அடுத்த கதையில் அறை விழாது.

தோழர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியர் வாசிக்கிற நாவலை வாங்கி நீங்களும் ஒன்றை வாசியுங்கள். அவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்பது அதில் தெரியும். இருபது புத்தகத்திலும் பெண்கள் ஏங்கினது காருக்கும் பங்களாவுக்கும் என்று நாம் நினைத்திருந்தோம். அப்படியல்ல. "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்கிற ஒரு புருஷனுக்குத்தான் ஏங்கினார்கள். அதற்குக் காசு செலவில்லை. இன்றிரவே வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.