கடமை யாருடையது? தொழிற்சாலைக் குறிப்புகளில் ‘ஷல்’



மொழியியல் கருத்தரங்கைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் நடத்துவதா என்று சிலர் கேட்டார்கள். இங்கேதான் நடத்த வேண்டும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து, கொரியம், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, சீனம் எல்லாம் இந்தப் பகுதியில் வந்து இறங்கியிருக்கின்றன. இவற்றைப் பேசுவோரில் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. ஆனாலும் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் ஒருவருக்கொருவர் வேலை சொல்கிறார்கள். அந்த ஆங்கிலத்தின் நடுநாயகமான ‘ஷல்’ (shall) என்ற ஒரே ஒரு துணைவினையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எடுத்துக்காட்டாக, சீன மொழி பேசும் பொறியாளர் எழுதிய வேலைக் குறிப்பு ஆங்கிலமாகி, பிறகு தமிழாகி, லைனில் நிற்கும் பெண்ணின் தலைக்கு மேல் தொங்குகிறது. அப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானின் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

சீன மாணவர்களும் நம் மாணவர்களும் ‘ஷல்’ என்பதைக் கற்ற வழி ஏறத்தாழ ஒன்றுதான். தன்மைக்கு ‘ஷல்’, மற்ற இடங்களுக்கு ‘வில்’, இரண்டும் எதிர்காலம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை மனப்பாடம் செய்த நம் தலைமுறைக்கும் இதுவே நின்றது. படர்க்கையோடு ‘ஷல்’ வந்தால் அது கட்டளை என்ற அடுத்த வரியைப் பலர் தாண்டிப் போய்விட்டோம். தொழிற்சாலையிலோ அந்த அடுத்த வரிதான் எல்லாம். ‘ஆபரேட்டர் ரிஸ்ட் ஸ்ட்ராப் அணிவார்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு இருந்தால் அது செய்தி. உடலின் நிலைமின்னைக் கடத்தும் அந்தப் பட்டையை அணியாவிட்டால் மின்னணுப் பலகை கெடலாம், பிறகு விசாரணை வரும். அந்த விசாரணையில்தான் அது கட்டளை என்று ஆபரேட்டருக்குத் தெரியவரும்.

தர நெறிகளை எழுதுவோர் இதில் மிகக் கவனமாக இருக்கிறார்கள். ஐஎஸ்ஓவும் ஐஇசியும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டு விதிகளின் இரண்டாம் பகுதி, ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி என்று வரையறுக்கிறது. கட்டாயத்தைக் குறிக்க ‘ஷல்’லுக்குப் பதிலாக ‘மஸ்ட்’ எழுதக் கூடாது என்றும் சொல்கிறது. நாட்டுச் சட்டத்தின் கட்டாயத்தோடு அது குழம்பிவிடும் என்பது காரணம். சீனாவின் ஜிபி/டி 1.1 விதிமுறையும் இதே ஏணியைக் கட்டியிருக்கிறது: கட்டாயத்துக்கு ‘யிங்’, பரிந்துரைக்கு ‘யீ’, அனுமதிக்குக் ‘க்கெ’. ஆக, சீனத்தில் தெளிவாக இருந்த படிகள் ஆங்கிலத்திலும் தெளிவாகவே இருக்கின்றன. தமிழுக்கு வரும்போதுதான் எல்லாப் படிகளும் ‘வேண்டும்’ என்ற ஒன்றில் போய் நிற்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீனப் பேச்சுமொழியின் ‘யாவோ’ நம் ‘வேண்டும்’ போலவே விருப்பத்தையும் கட்டாயத்தையும் குறிக்கும். அதன் எதிர்மறை ‘பூயாவோ’ நம் ‘வேண்டாம்’ போலவே ‘எனக்கு வேண்டாம்’ என்றும் ‘செய்யாதே’ என்றும் பொருள்படும். இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு மொழிக்காரர்கள், மூன்றாம் மொழி ஒன்றின் வழியாகப் பேசி ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ‘மூடியைத் திறக்க வேண்டாம்’ என்ற குறிப்பு தடையா, தேவையில்லை என்கிறதா? இரண்டாகவும் படிக்கலாம். ‘திறக்கக் கூடாது’, ‘திறக்கத் தேவையில்லை’ என்று பிரித்துச் சொல்லத் தமிழால் முடியும். எழுதுகிறவர்தான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

பழைய இலக்கணத்தில் படர்க்கைக்கு இடும் கட்டளைக்கு இடம் இல்லாமலும் இல்லை. தொல்காப்பியர் வியங்கோளைப் படர்க்கைக்கு உரியதாகச் சொன்னார். நன்னூலார் அதை மூவிடத்துக்கும் விரித்தார். படர்க்கையில் நிற்பவருக்கு இடும் ஏவல் என்ற வகையில் ‘ஷல்’லுக்கு மிக அருகில் வருவது அதுதான். ஆனால் ‘அணிக’ என்று எழுதினால் இன்று லைனில் அது வாழ்த்துமடல் போல ஒலிக்கும். ‘கட்டாயம் அணிய வேண்டும்’ போதும். ‘கட்டாயம்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும்.

இனி, இன்றைய பேச்சில் எனக்கு முதன்மையான செய்தி. ஸ்க்ரூ முறுக்கும் கருவி பற்றிய ஒரு குறிப்பைப் பாருங்கள்: ‘ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் டார்க் டிரைவர் சரிபார்க்கப்பட வேண்டும்.’ கட்டாயம் தெளிவாகத்தான் இருக்கிறது. யார் சரிபார்ப்பது? ஆபரேட்டரா, லைன் லீடரா, மெயின்டனன்ஸ் ஆளா? சீனத்தில் எழுவாய் இல்லாமலே இத்தகைய தொடர் இயல்பாக நிற்கும். செய்பவர் யார் என்பது அந்த ஆலையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலமாகும்போது அது செயப்பாட்டுவினையாகிறது. தமிழில் ‘படு’ சேர்ந்து, செய்பவர் முற்றிலும் மறைந்துவிடுகிறார். ஸ்க்ரூ தளர்ந்த பொருள் ரிஜெக்ட் ஆகித் திரும்பும் நாளில் மட்டும் அந்தக் காலி இடம் நிரப்பப்படுகிறது. பெரும்பாலும் லைனில் கடைசியாகக் கை வைத்தவரின் பெயரால்.

நீதிமன்றத்துக்கு ‘ஷல்’ என்ற சொல்லை நிதானமாக ஆராய நேரம் உண்டு. அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 320ஆம் உறுப்பு ‘ஷல்’ போட்டுத்தான் சொல்கிறது. 1957இல் உச்ச நீதிமன்றம் மன்போதன் லால் வழக்கில், நோக்கத்தை ஆராய்ந்து, அது கட்டாயப்படுத்தும் விதி அன்று என்று தீர்ப்பளித்தது. லைனில் நிற்பவருக்கு அடுத்த பலகை வருவதற்குள் இருப்பது சில விநாடிகள். அவர் நோக்கத்தை ஆராய முடியாது. குறிப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

2025இல் சீனப் பொறியாளர்கள் பலர் இந்தியாவின் ஐபோன் ஆலைகளிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அருகில் நின்று கையால் காட்டிக் கொடுக்கும் ஆள் போனபின், சுவரில் இருக்கும் தாள்தான் ஆசிரியர். வாகனத் துறையின் தர நெறியான ஐஏடிஎஃப் 16949, 2016ஆம் ஆண்டிலிருந்தே, வேலைக் குறிப்புகள் அவற்றைப் பின்பற்றுவோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ‘புரியும் மொழி’ என்பதற்குத் தமிழ் எழுத்தில் இருந்தால் போதும் என்று பொருள் சொல்லிக்கொள்ள நாம் இடம் தரக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு அந்தத் தமிழும் அயல்மொழி என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே அமர்வுகளில் கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எடுத்துக்காட்டுகளில் ‘ஷல்’ வரும் ஒவ்வொரு தொடரையும், வேலை செய்பவரின் பதவியை எழுவாயாக முன்வைத்துத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆபரேட்டர்கள் அதைப் படித்து, இது என் வேலையா இல்லையா என்று சொல்லட்டும். அவர்களால் சொல்ல முடியாத தொடரைத் திருத்தி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவோம்.